பொத்தனூர் கொடிக்காலும் வாடல் நோயும்

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரை ஒட்டிக் காவிரிக் கரையில் அமைந்த சிற்றூர் பொத்தனூர். சேலம், நாமக்கல் சமவெளியின் பெரும்பகுதி சோளமும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் மேட்டுப் பூமி. இந்த வட்டாரமோ வெற்றிலையும் வாழையுமாகப் பசுமை கட்டி நிற்கிறது. காரணம், ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால். 17ஆம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயக்கர் வெட்டிய வாய்க்கால் இது என்பர்.

ஊரின் குணத்தை அமைத்தது வெற்றிலைக் கொடிக்கால்தான். முதலில் அகத்தி விதைத்து, அது வளர்ந்து நிழல் தந்த பிறகே கொடி நடுவர். கொடி ஏற ஏற வாழைநாரால் அகத்தியுடன் சேர்த்துக் கட்டுவர். உச்சியை எட்டியதும் இறக்கி, அடியில் சுருட்டி மண் அணைப்பர். இலை கிள்ளுவதும் அடுக்குவதும் கைவேலையே. 100 இலை ஒரு கவுளி. 104 கவுளி ஒரு சுமை. சுமை கணக்கில்தான் வேலூரில் ஏலம் நடக்கிறது. ஒரு கொடிக்கால் பல குடும்பங்களுக்குக் கூலி தருகிறது.

இந்த வாழ்வுக்கு ஊறு செய்வது வாடல் நோய். எந்த ஈரம் இலையைத் தருகிறதோ அதே ஈரத்தில்தான் நோய்ப் பூசணமும் வளர்கிறது. ஐப்பசி முதல் தை வரையுள்ள குளிர் காலத்தில் இலை பளபளப்பு இழந்து தொங்கும். தரையை ஒட்டிய கணுக்கள் கறுத்து அழுகி நாறும். கவனியாமல் விட்டால் சில வாரங்களில் பாத்தி முழுவதும் காய்ந்துவிடும்.

மருந்து வந்த கதை

இதற்குரிய போர்டோ கலவையும் ஒரு கொடிப்பயிர் ஊரில் பிறந்ததே. பிரான்சு நாட்டில் போர்டோ நகருக்கு அருகில் சான் சூலியன் என்னும் சிற்றூர் உண்டு. வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது அங்கு வழக்கம். 1882இல் அக்கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததைப் பேராசிரியர் மில்லார்டே கண்டார். 1885இல் அதை உலகறியச் செய்தார்.

செய்ய வேண்டியவை

1. நோயற்ற, ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த கொடியிலிருந்தே விதைக்கொடி எடுக்க வேண்டும்.

2. 250 கிராம் மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 250 கிராம் சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது, இரும்பு கூடாது.

3. பளபளப்பான கத்தியைக் கலவையில் தோய்த்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

4. இக்கலவையை, நோய் தலைகாட்டியதும் மாதம் ஒருமுறையாக மூன்று முறை வேர்ப்பகுதியில் ஊற்ற வேண்டும். அன்று கலந்ததை அன்றே பயன்படுத்த வேண்டும். முதிர்ந்த இலைகளை முன்னதாகவே கிள்ளிவிடுவது அவசியம்.

5. நோயுற்ற கொடியை வேரோடு அகற்றி, தோட்டத்துக்கு வெளியே எரிக்க வேண்டும்.

6. குளிர் காலத்தில் பாசனத்தைக் குறைத்து, தேங்கும் நீரை வடித்துவிட வேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்குச் செலவு இல்லை. ஆனால் அதுவே முதன்மை. வாய்க்காலில் தண்ணீர் வருகிறதென்று மடையைத் திறந்தே வைப்பது கொடிக்காலுக்குக் கேடு. கொடி கேட்கும் அளவுக்கு மட்டும் நீர் விடுகிறவரின் தோட்டமே தைக்குப் பிறகும் இலை தரும்.