முன்பாரமா? பின்பாரமா?



போன வாரம் எங்க வகுப்பில் 'திருப்புத்திறன்' பாடம் நடந்தது. சார் கதவு, ஸ்பேனர், சீசா என்று மூன்று எடுத்துக்காட்டு சொன்னாங்க. எல்லாரும் நோட்டில் எழுதிக்கிட்டாங்க. எனக்கு மட்டும் எங்க சித்தப்பாவின் முன்பல் ரெண்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பல் போனதுக்குக் காரணமே இந்தப் பாடம்தான்!

நடந்தது இதுதான். போன அறுவடையில் 40 மூட்டை நெல்லை எங்க ரெண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி, டிராக்டரில் மாட்டி மில்லுக்குப் போனோம். டிராக்டர் வேறு வேலைக்குத் தேவைப்பட்டதால் சித்தப்பா கொக்கிப் பின்னைக் கழற்றிட்டு, டிரெய்லரின் மூக்கை ஸ்டாண்டில் நிறுத்தினார். டிராக்டர் போயிடுச்சு. ஆட்கள் பக்கப் பலகையைத் திறந்து, கைக்கு எட்டின முன்பக்க மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினாங்க. நான்தான் எண்ணிக்கிட்டு நின்றேன். 12ஆவது மூட்டை இறங்கினப்போ சித்தப்பா ஸ்டாண்டுக்கு அடியில் கல் வைக்கக் குனிந்தார். டிரெய்லர் மூக்கு 'விர்'ரென்று மேலே எழும்பி அவர் தாடையில் அடிச்சது. டிரெய்லர் வால் தரையில் இடிச்சு நின்றது. நாலு தையல், ரெண்டு பல். "கழுத்துல பட்டிருந்தா?" என்று பாட்டி இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க.

யாரும் மூக்கைத் தூக்கலை. மூட்டையைத்தான் இறக்கினாங்க. அப்புறம் எப்படி எழும்பியது? பாடம் படிச்சதும் டேப் எடுத்துக்கிட்டுப் போய் டிரெய்லரை அளந்தேன். சார் உதவியோடு போட்ட கணக்கு இது.

டிரெய்லரின் தளம் 10 அடி நீளம். அச்சு நடுவில் இல்லை, நடுவுக்கு 1 அடி பின்னால் இருக்கிறது. அதாவது அச்சுக்கு முன்னால் 6 அடி, பின்னால் 4 அடி. அச்சிலிருந்து கொக்கிக்கு 10 அடி. மூட்டைக்கு 60 கிலோ என்றால் 40 மூட்டை 2,400 கிலோ. தளம் முழுக்கச் சமமாகப் பரப்பி இருந்ததால், மொத்தச் சுமையின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 1 அடி முன்னால் விழும். அச்சுதான் சுழற்சிப் புள்ளி.

2400 × 1 = கொக்கிப் பாரம் × 10
கொக்கிப் பாரம் = 240 கிலோ, கீழ்நோக்கி.

இப்போ முன்னாலிருந்து 12 மூட்டையை எடுத்துட்டோம். ஒரு அடிக்கு 4 மூட்டை என்பதால் முன்பக்கம் 3 அடி காலி. மீதி 28 மூட்டை, 1,680 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் அச்சுக்கு அரை அடி பின்னால் போயிடுச்சு.

1680 × 0.5 = கொக்கிப் பாரம் × 10
கொக்கிப் பாரம் = 84 கிலோ, மேல்நோக்கி!

காலி டிரெய்லரின் மூக்கு 70 கிலோ கனம் இருக்கும். அதனால்தான் 11 மூட்டை வரைக்கும் பேசாமல் இருந்தது. (11 மூட்டைக்குப் போட்டுப் பாருங்க, 65 கிலோதான் வரும்.) 12ஆவது இறங்கியதும் 84 கிலோ ஜெயிச்சது, 70 கிலோ தோற்றது. டிராக்டர் மாட்டியிருந்தா பின் பிடிச்சு நிறுத்தியிருக்கும். சரக்கு முழுசும் இறங்கும் வரைக்கும் பின்னைக் கழற்றக் கூடாது. கழற்றியே ஆகணும்னா வால் பக்கத்திலும் கட்டையை முட்டுக் கொடுக்கணும். இப்போ எங்க வீட்டில் ரெண்டும் நடக்குது.

இதை தாத்தாகிட்ட சொன்னேன். "இதுக்குப் பள்ளிக்கூடம் போகணுமாடா?" என்று சிரிச்சார். அவர் முப்பது வருஷம் பாரவண்டி ஓட்டினவர். ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நெம்புகோல் விதியை எழுதினார் என்றேன். "அவரு வண்டி ஓட்டினாரா?" என்று கேட்டார். அதுக்கு எனக்குப் பதில் தெரியலை.

மாட்டுவண்டியில் பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும், மாடு மூச்சுவிடத் திணறும். முன்பாரம் ஆனால் மொத்தக் கனமும் கழுத்தில் உட்கார்ந்து தோல் புண்ணாகும். மாட்டைப் பூட்டுவதற்கு முன்னால் தாத்தா நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பாராம். கொஞ்சம் முக்கினால் எழும்பணும், தானாக எழும்பவும் கூடாது, எழும்பாமலும் இருக்கக் கூடாது. தராசு இல்லாமலே அளந்திருக்கிறார் பாருங்கள்!

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. மேடு ஏறும்போது வண்டிக்காரர் முன்னால் நகர்ந்து ஏர்க்கால் பக்கம் உட்காருவார், இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்காருவார். ஏன்? சுமையின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. மேட்டில் வண்டி பின்னால் சாயும்போது அந்த மையமும் அச்சைத் தாண்டிப் பின்னால் போகும். சமதரையில் முன்பாரமாக இருந்த வண்டி மேட்டில் பின்பாரமாக மாறிடும். வைக்கோல் மாதிரி உயரமாக ஏற்றினால் இன்னும் சீக்கிரம் மாறும். வண்டிக்காரர் தன் உடம்பையே எடைக்கல்லாக வைத்துச் சரிக்கட்டுகிறார். (தூங்கிக்கிட்டு ஓட்டுபவருக்கு இது முடியாது.)

சரி, கொக்கியில் பாரம் இருந்தால் நல்லதுதானே, எல்லா மூட்டையையும் முன்னாலேயே அடுக்கலாமே என்று கேட்கலாம். அதுவும் தப்பு. கொக்கி இருப்பது டிராக்டரின் பின்சக்கரத்துக்கும் பின்னால். அங்கே பாரம் அதிகமானால் பின்சக்கரம் சுழற்சிப் புள்ளியாகி முன்சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மேட்டில் முன்சக்கரம் தரையை விட்டே எழும்பும். கொக்கியின் உயரமும் இதில் சேரும். உயரத்தில் மாட்டி இழுத்தால் டிராக்டரைப் பின்னால் கவிழ்க்கும் திருப்புத்திறன் கூடும். பின் அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுப்பது உயிருக்கே ஆபத்து. எங்க டிராக்டரில் கொக்கி மாட்டும் இரும்பில் மேலும் கீழுமாகப் பல துளைகள் உண்டு. டிரெய்லர் தளம் சமமாக நிற்கிற துளையில்தான் மாட்டணும். மூக்கு தூக்கி நின்றால் சுமை பின்னால் சாயும், பழையபடி பின்பாரம்தான்.

அமெரிக்காவில் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள சின்ன வீட்டையே டிரெய்லராக்கிக் காருக்குப் பின்னால் மாட்டிக்கிட்டு ஊர் சுற்றுகிறார்கள். அவர்களுக்கும் இதே பிரச்சினைதான். வேகம் மட்டும் அதிகம். பின்பாரமான டிரெய்லர் நெடுஞ்சாலை வேகத்தில் மாட்டின் வால் மாதிரி இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் கூடிக்கூடிக் காரையே கவிழ்த்துவிடும். அதனால் டிரெய்லரின் மொத்த எடையில் 100க்கு 10 முதல் 15 பங்கு கொக்கியில் இருக்கணும் என்பது அங்கே வழக்கமான கணக்கு. ஆடத் தொடங்கினால் பதறிப்போய் காரின் பிரேக்கை அழுத்தவோ ஸ்டியரிங்கை வெட்டவோ கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கணும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் போடலாம்.

காரின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கினால், கொக்கியின் ரெண்டு பக்கமும் வில் போன்ற இரும்புத் தண்டு மாட்டுகிறார்கள். தண்டை முறுக்கேற்றினால் பாரத்தில் ஒரு பங்கு காரின் முன்சக்கரத்துக்கும், ஒரு பங்கு டிரெய்லர் சக்கரத்துக்கும் பகிர்ந்து போகும். ஆனால் பின்பாரமாக ஏற்றிய தப்பை அந்தத் தண்டு திருத்தாது. சாமானைத்தான் மாற்றி அடுக்கணும்.

கொக்கிப் பாரத்தை அவர்கள் அளக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆள் எடை பார்க்கும் சின்ன மெஷின் அந்தப் பாரத்தைத் தாங்காது. அதனால் ஒரு கட்டையின் ஒரு முனையைச் செங்கல் மேலும், மறுமுனையை மெஷின் மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து 1 அடியில், மெஷினிலிருந்து 2 அடியில் டிரெய்லர் மூக்கை இறக்குவார்கள். மெஷின் 80 காட்டினால் உண்மையான பாரம் 80 × 3 = 240 கிலோ. இதுவும் நெம்புகோல்தான்.

ஒரு வேண்டுகோள். கரும்பு டிராக்டர் போகும்போது நம்ம பசங்க சிலபேர் கொக்கிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் இருக்கும் கம்பியில் ஏறி உட்கார்ந்து வர்றாங்க. மேட்டில் எழும்புவதும் பள்ளத்தில் அமுங்குவதும் அந்தக் கம்பிதான். கால் தவறினால் அடுத்து வருவது டிரெய்லர் சக்கரம். பெயர் எழுத வேண்டாம்னு சார் சொல்லியிருக்காங்க. உங்களுக்கே தெரியும், இறங்கிடுங்க.

கடைசியாக ஒரு புதிர். அதே டிரெய்லர், அதே 40 மூட்டை. முன்னாலிருந்து எடுக்காமல், பின்னாலிருந்து 12 மூட்டையை இறக்குகிறோம். கொக்கியின் மேல் சுமை தரும் பாரம் 240 கிலோவிலிருந்து குறையுமா, கூடுமா? எவ்வளவு? எங்க ஸ்டாண்டு 400 கிலோதான் தாங்கும். மூக்கின் 70 கிலோவையும் சேர்த்துக்கோங்க. நிற்குமா, உடையுமா? விடையைச் செய்முறையோடு எழுதி 9-ஆ வகுப்புத் தலைவரிடம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவும். சரியான விடை அடுத்த தாளில் ஒட்டப்படும்.

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்