எண்ணெயில் தாராளம், இரும்பில் நிதானம்

சம்சாரி ஒருவர் வாங்குகிற செடான் காருக்கு இரண்டு ஜாதகங்கள் உண்டு. ஓடிய கிலோமீட்டரைக் கொண்டு கணிப்பது ஒன்று, கடந்து போன வருஷங்களைக் கொண்டு கணிப்பது மற்றொன்று. நம்மில் பெரும்பாலோர் முதல் ஜாதகத்தை மட்டுமே பார்த்துவிட்டு, "என் வண்டி பத்து வருஷத்தில் நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கிறது" என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் வண்டியோடு வருகிற கையேட்டில், "10,000 கிலோமீட்டர் அல்லது 1 வருஷம், எது முந்துகிறதோ அது" என்று அச்சிட்டிருப்பதில், அந்த "அல்லது" என்ற சொல்லுக்குத்தான் கனம் அதிகம். வாரம் ஒரு முறை கோயிலுக்கும் கடைவீதிக்கும் போய்த் திரும்புகிற காரின் எஞ்சின், முழுச் சூட்டை அடைவதற்குள்ளாகவே நிறுத்தப்பட்டுவிடுவதால், எரிபொருளின் துளிகளும் நீராவியும் வெளியேற வழியின்றி ஆயிலிலேயே கலந்து தங்கிவிடுகின்றன. நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டமாக மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடுகிற வண்டிக்கு இந்த உபத்திரவம் இல்லை.

ஆகவே மினரல் ஆயிலா, சிந்தெடிக் ஆயிலா என்ற கேள்விக்கு, உங்கள் ஓட்டம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் பதில் சொல்வது விவேகமாகாது. வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர், எந்த ஆயிலை ஊற்றினாலும் வருஷ முடிவில் வடித்தே ஆக வேண்டியிருப்பதால், கையேடு அனுமதிக்கிற பட்சத்தில், விலை மலிவான மினரல் அல்லது அரைச் சிந்தெடிக் ஆயிலே அவருக்குப் போதுமானது. வருஷத்துக்கு இருபதாயிரம் ஓட்டுகிறவருக்கோ, சூட்டைத் தாங்கிப் பதினாயிரம் வரையில் தன் குணம் கெடாமல் நிற்கிற சிந்தெடிக்தான் கணக்கில் லாபம். டர்போ பூட்டிய எஞ்சின் என்றால் இந்த விவாதத்துக்கே இடமில்லை; சிந்தெடிக் தவிர வேறொன்றையும் யோசிக்க வேண்டாம். பழைய வண்டிக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று சொல்லுகிற வழக்கம், 1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரைக் கட்டி மேய்த்த காலத்தின் மிச்சம் என்பது என் அபிப்பிராயம். இன்றைய எஞ்சின்களின் இடைவெளிகள் மிக நுண்ணியவையாதலால், 5டபிள்யூ-30 என்று கையேடு சொன்னால் அதையே ஊற்ற வேண்டும்.

ஆயிலைப் பரீட்சிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. காலையில் சமதரையில் நிற்கிற வண்டியின் பானட்டைத் திறந்து, அளவுக் கம்பியை உருவிப் பழந்துணியால் துடைத்து, மறுபடியும் செருகி எடுத்துப் பார்த்தால், ஈரம் இரண்டு கோடுகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். நிறம் கறுத்திருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். ஆயிலின் வேலையே அழுக்கைத் தன்மேல் வாங்கிக்கொள்வதுதான். ஆனால் பால் விட்ட காப்பி நிறம் தெரிந்தால், கூலண்ட் ஆயிலோடு கலந்துவிட்டதோ என்று சந்தேகித்து, வண்டியை எடுக்காமல் நிறுத்திவைத்து, ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இருபதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸ் ஏமாறுவதற்கு உகந்த கட்டம். என் வண்டியை அந்தக் கணக்கில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டபோது, எஞ்சின் ஃபிளஷ் என்றும், இன்ஜெக்டர் சுத்தம் என்றும், ஏசி கிருமி நீக்கம் என்றும் பில்லில் மூன்று வரிகள் முளைத்திருந்தன. கையேட்டை விரித்துக் காட்டி, இவை எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று கேட்டதும், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் மூன்றையும் அடித்துக் கொடுத்தார்கள். கேளாதிருந்தால் கொடுத்திருப்பேன்.

நாற்பதாயிரத்தில் செய்ய வேண்டிய செலவு நிஜமானது. ஏர் ஃபில்டரையும் சாதாரண பிளக்குகளையும் மாற்றும் காலம் அது. இரிடியம் பிளக் பூட்டிய வண்டியானால் ஏறத்தாழ ஒரு லட்சம் வரையில் அதைத் தொட வேண்டாம். பலரும் அலட்சியம் செய்வது பிரேக் ஆயிலை. அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் சுபாவமுடையது. டாட் 3 வகையில், புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையில் கொதிக்காமல் இருக்க வேண்டிய திரவம், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். சமவெளியில் இந்த வித்தியாசம் தெரியாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில், முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போதுதான் குழாய்க்குள் ஆவி உண்டாகி, பெடல் பஞ்சுபோல் அமுங்கும் விபரீதம் நேருகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் ஆகும் செலவு, ஒரு டயரின் விலையில் சிறு பகுதிதான்.

கூலண்ட் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் இன்னும் மோசம். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்க்கிறவர்கள், வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற உப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே உப்புத்தான் அந்தக் குறுகிய குழாய்களிலும் படிகிறது. வண்டி சூடாகிறது என்று போய் நின்றால், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம்" என்று யோசனை சொல்லுகிற பட்டறைகளும் உண்டு. சுமார் 82 டிகிரியில் திறக்கிற அந்தச் சின்னக் கதவை எடுத்துவிட்டால், எஞ்சின் தனக்குரிய சூட்டை அடையாமலே ஓடி, பெட்ரோலை அதிகம் குடித்து, தேய்மானத்தையும் பெருக்கிக்கொள்ளும். கலந்து விற்கிற கூலண்டையே ஊற்றுங்கள். கெட்டியாக விற்பதை வாங்கினால், டிஸ்டில்டு தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

அறுபதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடைப்பட்ட பிராயத்தில்தான் பெரிய தொகை கேட்கும் கேள்விகள் வருகின்றன. முதலில், உங்கள் எஞ்சினுக்குள் இருப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெல்ட் ரப்பரால் ஆனது. கையேடு குறித்த கிலோமீட்டரோ வருஷமோ வந்தபின், பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். பல எஞ்சின்களில், ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளை முட்டி வளைத்துவிட, சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை எஞ்சினைப் பிரிப்பதில் போய் முடியும். பெல்ட்டை மட்டும் மாற்றுவதா, டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றுவதா என்றால், பெல்ட்டே பம்ப்பையும் சுழற்றுகிற எஞ்சின்களில், சேர்த்தே மாற்றுவதுதான் சிக்கனம். பிரித்து மாட்டும் கூலி ஒன்றுதானே? கிளட்சுக்கும் இதே நியாயம் பொருந்தும். கியர் பாக்ஸை இறக்கிய பிறகு பிளேட்டை மட்டும் போட்டுவிட்டு, பேரிங்குக்காக ஆறு மாதத்தில் மறுபடியும் இறக்குவது புத்திசாலித்தனம் அல்ல. செயின் உள்ள வண்டிக்குக் குறித்த தவணை சாதாரணமாக இல்லை. ஆயிலைக் கிரமமாக மாற்றியவருக்கு அது மௌனமாக ஓடும், மாற்றாதவருக்குக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சலசலக்கும்.

இரும்பு விஷயத்தில் நான் சொல்ல விரும்புவது நேர் எதிரானது. எண்பதாயிரத்தில் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால், "ஷாக் நாலையும் மாத்திடலாம்" என்பது முதல் சிபாரிசாக வரும். ஷாக்கிலிருந்து ஆயில் கசியாமலும், பானட்டின் மூலையை அமுக்கிவிட்டால் வண்டி ஒரே எழும்பலில் நிலைகொள்வதாகவும் இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் சில நூறு ரூபாய் லிங்க் ராடாகவோ, லோயர் ஆர்மின் புஷ்ஷாகவோதான் இருக்கும். என் மெக்கானிக் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி, டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டி, "பேடு பாதிக்கு மேல கிடக்கு சார், இப்பக் கழட்டிப் போட்டா வீண் செலவுதான், அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்றார். வந்த வருமானத்தை வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பதின்மூன்று வருஷமாக அவரிடம் போய்க்கொண்டிருக்கிறேன்.

இங்கேதான் கம்பெனி சர்வீஸா, தெருமுனைப் பட்டறையா என்ற வழக்குக்குத் தீர்ப்பு வருகிறது. வாரண்டி உள்ளவரையில், பில்களின் தொடர்ச்சிக்காகவேனும், கம்பெனியே மேல். அது முடிந்த பிறகு, ஆயில் ஃபில்டர், பெல்ட், பிரேக் பேடு ஆகிய மூன்றையும் அங்கீகாரம் பெற்ற கடையில் நாமே வாங்கிக் கையில் கொண்டுபோய், நம்பிக்கையான பட்டறையில் நம் கண்ணெதிரே மாட்டச் செய்வது, போலிச் சரக்கையும் மிகைக் கூலியையும் ஒரே சமயத்தில் தவிர்க்கிற உபாயம். வைப்பருக்கும் பல்புக்கும் இவ்வளவு சிரத்தை தேவையில்லை.

ஒரு லட்சத்தைக் கண்டதும் வண்டியை விற்க அவசரப்படுகிறவர்கள், நியூயார்க்கைச் சேர்ந்த இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியரைப் பற்றி அறிய வேண்டும். 1966இல் வாங்கிய வால்வோ பி1800 காரை, இடையில் எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட்டுக்கொண்டு, 2013இல் முப்பது லட்சம் மைல் வரை ஓட்டியவர் அவர். அது செடான் அல்ல, இரட்டைக் கதவு வண்டி. அவர் ஓடியதும் பெரும்பாலும் நீண்ட சாலைகளில்தான். ஆனாலும் தவணை தவறாமல் ஆயில் மாற்றியதைத் தவிர வேறு ரகசியம் எதையும் அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

வைத்துக்கொள்வதா, விற்பதா என்ற உண்மையான கேள்வி பதினைந்தாவது வருஷத்தில், பதிவைப் புதுப்பிக்கும்போது எழுகிறது. தமிழ்நாட்டில் அப்போது பசுமை வரியையும் கட்டி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2009இல் வாங்கிய என் காருக்கு, 2024இல் அந்த முடிவை எடுக்கும் முன்னர், எஞ்சினைப் பற்றி நான் விசாரிக்கவே இல்லை. உள்ளே விரித்திருந்த கார்பெட்டைத் தூக்கிவிட்டு, தரைத் தகட்டையும் கதவுகளின் அடி விளிம்பையும் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் இந்தத் தகடு உளுத்துப்போயிருக்கும். அப்படியானால் புது எஞ்சினே இருந்தாலும் விற்றுவிடுவதுதான் சரி. என் வண்டியில் எல்லா இடத்திலும் கெட்டியான சத்தமே கேட்டது. டயர்களில் மட்டும் கடைசி நான்கு இலக்கங்கள் 1718 என்றிருந்தன, அதாவது 2018ஆம் வருஷத்தின் பதினேழாவது வாரம். பட்டன் பாதி தேயாமல் இருந்தும், பதிவைப் புதுப்பித்த அன்று மாலையே நான்கையும் மாற்றிவிட்டேன்.