புகை குறைந்த ஷண்டிங் எஞ்சின்

இரயில் எஞ்சினின் பெருமை அதன் வேகத்தில் இருக்கிறது என்று எண்ணுவோர் பலர். ஷண்டிங் எஞ்சினுக்கு இவ்வெண்ணம் பொருந்தாது. வந்து சேர்ந்த சரக்கு வண்டிகளின் பெட்டிகளைக் கழற்றி, அவை செல்ல வேண்டிய ஊர்களுக்கேற்ப வகைப்படுத்தி, மீண்டும் தொடராகக் கோத்துத் தருவதே அதன் தொழில். பல தண்டவாளங்கள் அருகருகே கிடக்கும் யார்டு என்னும் வெளியில் அது இரவும் பகலும் உழைக்கிறது.

அமெரிக்காவில் பல ஷண்டிங் எஞ்சின்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வரை ஓடவல்லவை. ஆயினும் அவ்வேகத்தை அவை காண்பது அரிது. ஒரு பெட்டியை மற்றொன்றோடு இணைக்கும்போது வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் அளவில்தான் இருத்தல் வேண்டும்; மிகுந்தால் உள்ளிருக்கும் சரக்கு சிதையும். மேட்டு யார்டுகளில் பெட்டிகளை மேட்டின்மேல் தள்ளும்போதோ, மனிதன் நடக்கும் வேகமே போதுமானது. குறைந்த வேகத்தில் மிகுந்த இழுவிசை, இதுவே அதற்கு வேண்டுவது. எஞ்சின் எடையற்றதாயின் சக்கரங்கள் தண்டவாளத்தில் வழுக்கிச் சுழலும். ஆதலால் அது நூறு டன்னுக்கு மேற்பட்ட எடையோடு அமைக்கப்படுவதுண்டு.

இத்தொழிலில் மற்றோர் இயல்பும் உண்டு. சில நிமிடங்கள் இழுப்பதும், அடுத்த கட்டளைக்காக நெடுநேரம் நிற்பதுமாக அதன் நாள் கழிகிறது. நிற்கும்போதும் பழைய டீசல் எஞ்சினை நிறுத்தாமல் விடுவது வழக்கமாயிருந்தது. குளிர் நாடுகளில் இதற்குக் காரணம் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்க அதனுள் ஓடுவது வெறும் நீரே; எஞ்சினை நிறுத்திவிட்டால் அந்நீர் உறைந்து, எஞ்சினையே பிளந்துவிடக்கூடும். பாதி வழக்கமும் பாதி அச்சமுமாக, வெயில் நாட்களிலும் அது ஓடிக்கொண்டே இருந்தது!

இவ்வழக்கத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார்டின் அருகே குடியிருந்தவர்கள். டீசல் புகையின் நுண்துகள் நச்சுப்பொருளே எனக் கலிபோர்னியா மாநிலம் 1998ஆம் ஆண்டில் அறிவித்தது. பின்னர் அம்மாநிலத்து ரோஸ்வில் நகரிலுள்ள பெரிய யார்டு ஆராயப்பட்டு, 2004ஆம் ஆண்டில் அறிக்கை வெளியாயிற்று. யார்டிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 25 டன் நுண்துகள் காற்றில் கலக்கிறது என்றும், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு எஞ்சின்கள் வீணே நின்று ஓடுவதால் வருகிறது என்றும் அவ்வறிக்கை கூறியது. அவ்வூராரின் மூச்சில் கலந்த யார்டுக் கரியில் ஏறத்தாழப் பாதி, ஒரு பெட்டியையும் நகர்த்தாத கரி.

ஆகவே பொறியாளர்கள், ஒரு பெரிய எஞ்சினுக்கு மாற்றாகச் சிறு எஞ்சின்கள் மூன்றை ஒரே வண்டியில் வைத்தனர். ஒவ்வொன்றும் 700 குதிரைத் திறன் கொண்டது; தனித்தனியே மின்னாக்கியைச் சுழற்றி, சக்கர மோட்டார்களுக்கு மின்சாரம் தருவது. இரண்டு மூன்று பெட்டிகளை நகர்த்த ஓர் எஞ்சின் போதும். சுமை மிகும்போது மற்றவை தாமே விழித்தெழும். வேலை இல்லையேல் அடங்கிவிடும். சாலை வண்டிகளில் உள்ளவை போன்ற இவ்வெஞ்சின்களில் உறையாத குளிர்விப்பு நீர்மம் இருப்பதால், நிறுத்தினாலும் தீங்கில்லை. யூனியன் பசிபிக் இரயில் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் இவற்றை லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்து யார்டுகளில் ஈடுபடுத்தியது.

வேறொரு வழியும் முயலப்பட்டது. சுமார் 300 குதிரைத் திறனுள்ள சிறு எஞ்சின், காரீய மின்கலங்களுக்கு மின்னேற்றும். இழுக்கும் வேலையைக் கலங்கள் பார்த்துக்கொள்ளும். மோட்டார் காருக்குச் சுமையாகும் கலங்களின் எடை, இங்கே சக்கரங்கள் வழுக்காதிருக்கத் துணையாயிற்று. எனினும் சில வண்டிகளின் கலங்கள் தீப்பற்றியமையால் அவ்வகை பரவவில்லை.

மூன்று எஞ்சின் வண்டிக்கும் குறை இல்லாமல் இல்லை. ஓட்டுநர் திடீரென முழு ஆற்றலை வேண்டினால், உறங்கும் எஞ்சின்கள் எழுந்து வருவதற்குச் சற்று நேரமாகும். நீண்ட தொடரை மேட்டின்மேல் ஓயாமல் தள்ளும் யார்டில் மூன்றும் எப்போதும் ஓட வேண்டியிருப்பதால், எரிபொருள் மிச்சமும் அவ்வளவாக இல்லை. விட்டுவிட்டு வேலை நடக்கும் துறைமுகப் பாதைகளுக்கும் தொழிற்சாலைகளின் பக்கத் தண்டவாளங்களுக்குமே அது நன்கு பொருந்துகிறது.