கார்டு லிஸ்ட்டில் இருக்கிறதா?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்காத நாள் அபூர்வம். இருபது வருஷத்துக்கு முன்னால் அவற்றை வீடியோ எடுத்தவர்கள் பலரும் மினி டி.வி. (டிஜிட்டல் வீடியோ) கேசட்டில்தான் பதிவு செய்தார்கள். அப்பா அம்மாவின் மணிவிழாவைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் இப்போது அந்தக் கேசட்டுகளோடு வருகிறார்கள். கேமராவிலிருந்து தரம் குறையாமல் படத்தை இறக்க ஃபயர்வயர் கேபிள் வேண்டும். இன்றைய லேப்டாப்பில் அதைச் செருக இடமே இல்லை.

ஊரில் வீடியோ தொழில் செய்யும் ஒருவர் இதற்கென்றே பழைய திங்க்பேட் ஒன்றை வைத்திருக்கிறார். பக்கவாட்டில் எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட், அதில் ஃபயர்வயர் கார்டு, உள்ளே டெபியன் லினக்ஸ். கார்டு ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது.

லினக்ஸ்தான் கோளாறு என்று ரிப்பேர் கடையில் சொன்னார்கள். அவரும் சம்மதித்தார். டிஸ்கை அழித்து விண்டோஸ் போட்டார்கள். அழித்த டிஸ்கில் ஒரு குடும்பத்தின் சதாபிஷேகம், காப்பி எடுக்காமல், இருந்தது. பூஞ்சை பிடித்த அந்தக் கேசட் இரண்டாம் முறை ஓடவில்லை. விண்டோஸிலும் கார்டு தெரியவில்லை. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

கணினியில் தெரியும் பி.சி.ஐ. சாதனங்களைப் பட்டியலிடும் எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற ஒரே லினக்ஸ் கட்டளையை அடித்திருந்தால் போதும் என்கிறார். அந்தப் பட்டியலில் கார்டு இருந்தால் டிரைவரைப் பார்க்க வேண்டும். பட்டியலிலேயே இல்லையென்றால் எந்த டிரைவரும் உதவாது. ஸ்லாட், மின்சாரம், பயாஸ் ஆகியவற்றில்தான் தேட வேண்டும்.

மறுபடி லினக்ஸைப் போட்டு அவர் தேடியதில் கோளாறு ஒன்றல்ல என்று தெரிந்தது. கார்டைச் செருகிவிட்டு ஆன் செய்தால் தெரிகிறது, ஓடும்போது செருகினால் தெரிவதில்லை. ஓடும்போது செருகும் கார்டைக் கவனிக்கும் பொறுப்பைச் சில பயாஸ்கள் கெர்னலிடம் ஒப்படைப்பதில்லை. ரூட் ஆக நுழைந்து, சிஸ் அடைவின் பி.சி.ஐ. பகுதியிலுள்ள ரீஸ்கேன் கோப்பில் 1 என்று எழுதினார், கார்டு வந்தது. பாதியில் காணாமல் போவதற்கு மின்சிக்கனமும் ஒரு காரணம். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பில் பி.சி.ஐ.இ. ஏ.எஸ்.பி.எம். என்ற அந்த மின்சிக்கன வசதியை நிறுத்தினார்.

மிச்சமிருந்தது கைவேலை. கார்டின் அகலம் 34 மில்லிமீட்டர், ஸ்லாட்டின் அகலம் 54. கேபிளின் கனம் இழுக்க, கார்டு ஒரு பக்கம் சாய்ந்து 26 முனைகளில் சில தொடர்பு விட்டிருக்கின்றன. கடற்காற்றில் முனைகளும் மங்கியிருந்தன. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, கேபிளை மேஜையோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டினார். கெர்னலின் டிமெசேஜ் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளை லேசாக ஆட்டிப் பார்த்தால், தொடர்பு விடுவது அங்கேயே தெரியும்.

ஒரு மணி நேரக் கேசட் ஏறத்தாழ 13 ஜி.பி. இடம் பிடிக்கும். கேப்சர் முடிந்ததும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்த பிறகே அவர் அடுத்த கேசட்டைத் தொடுகிறார்.

ஆப்பிள் 2025-இல் வந்த மேக் ஓ.எஸ். டாஹோவில் ஃபயர்வயரைக் கைவிட்டுவிட்டது. லினக்ஸில் அதைப் பராமரிப்பவர் 2029 வரை கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுப் பீரோவில் கேசட் வைத்திருப்பவர்கள் அதற்குள் படத்தை இறக்கிவிடுங்கள்.