நடுவில் வந்தாலும் பரிசு

கேள்வி: அமெரிக்காவில் பழைய சாமான்களில் சிற்பம் செய்து, அதையே மிதித்து ஓட்டிப் பந்தயம் விடுகிறார்களாமே, நிஜமா?
(வாசகர், கோவை)

பதில்: நிஜம்தான். கலிஃபோர்னியாவின் ஃபெர்ன்டேல் என்ற சின்ன ஊரில் 1969-ல் ஆரம்பித்தது. ஹோபார்ட் பிரவுன் என்ற சிற்பி, மகனின் மூன்று சக்கர சைக்கிளை வெல்டிங் செய்து ஐந்து சக்கர வண்டியாக்கினார். அதைப் பார்த்த ஜாக் மேஸ் என்ற இன்னொரு கலைஞர் போட்டிக்கு அழைத்தார். வேறு சிலரும் வண்டிகளோடு சேர்ந்துகொள்ள, கடைசியில் இருவருமே ஜெயிக்கவில்லை. புகை விட்டு முட்டையும் இட்ட ஓர் ஆமை வண்டி ஜெயித்தது!

இப்போது ஆர்கேட்டா என்ற ஊரில் கிளம்பி மூன்று நாள் ஓட்டம். தார்ச்சாலை, மணல்மேடு, ஹம்போல்ட் விரிகுடாத் தண்ணீர் எல்லாம் தாண்ட வேண்டும். காயலான் கடையில் செயினும் பல்சக்கரமும் கிடைத்துவிடும். மணலில் புதையாத அகலச் சக்கரமும், தண்ணீரில் பாரம் தாங்கும் மிதவையும்தான் பெரிய தலைவலி. மிதவை ஒருபக்கம் இறங்கினால், எவ்வளவு அழகான டிராகன் வண்டியும் குப்புறக் கவிழும். ஓட்டுபவரும் கூடவே!

நடுவர்களுக்கு வெளிப்படையாக லஞ்சம் கொடுக்கலாம் (நம் ஆட்கள் கவனிக்க). சரியாக நடுவில் வருபவருக்கும் பரிசு உண்டு. பால்டிமோர் நகரில் ஒரு கலை அருங்காட்சியகம் நடத்தும் இதே மாதிரிப் பந்தயத்திலோ, மறக்க முடியாதபடி பழுதாகி நின்ற வண்டிக்கே தனி விருது.