ஆறு தந்த பெயர்

ஒரு ரூபாய் நாணயத்தைக் கையில் எடுங்கள். சிங்க முத்திரை உள்ள பக்கத்தைப் பாருங்கள். ஒரு புறம் இந்தியில் 'பாரத்' என்று இருக்கும். மறுபுறம் ஆங்கிலத்தில் 'இந்தியா' என்று இருக்கும்.

ஒரே நாடுதான். ஏன் இரண்டு பெயர்கள்?

இந்தியா என்ற பெயர் ஓர் ஆற்றிலிருந்து வந்தது. அந்த ஆறு சிந்து. சமஸ்கிருதத்தில் சிந்து என்றாலே ஆறு என்றுதான் பொருள். சிந்து திபெத்தில் பிறக்கிறது. லடாக் வழியாக ஓடுகிறது. பிறகு பாகிஸ்தானுக்குள் சென்று அரபிக் கடலில் கலக்கிறது.

சிந்துவுக்கு மேற்கே பாரசீகம் இருந்தது. இன்று அது ஈரான். சமஸ்கிருதத்தில் 'ச' வரும் பல சொற்களில் பாரசீகர் 'ஹ' என்பார்கள். ஏழுக்குச் சமஸ்கிருதத்தில் 'சப்த'. பாரசீக மொழியில் 'ஹஃப்த்'. ஏழு நாள் கொண்ட வாரத்தை இந்தியில் 'ஹஃப்தா' என்பது இதனால்தான்.

அப்படியே சிந்து, 'ஹிந்து' ஆனது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட பாரசீக மன்னர் தாரியஸின் கல்வெட்டிலும் இந்தப் பெயர் உள்ளது. அன்று அது மதத்தின் பெயர் அல்ல. சிந்து ஆற்றங்கரை நாட்டின் பெயர்.

கிரேக்கர் அதில் 'ஹ' ஒலியை விட்டுவிட்டார்கள். ஆறு 'இந்தோஸ்' ஆனது. நாடு 'இந்தியா' ஆனது. ஐரோப்பா முழுவதும் அந்தப் பெயர் பரவியது.

அரேபியர் நம் நாட்டை 'ஹிந்த்' என்றார்கள். நம் வீட்டுப் புளிக்கு அவர்கள் வைத்த பெயர் 'தமர் ஹிந்தி'. இந்தியப் பேரீச்சை என்று பொருள். ஆங்கிலத்தில் புளியை 'டாமரிண்ட்' என்பது இதிலிருந்து வந்ததே.

பாரதம் என்ற பெயரும் பழமையானது. பரதர் என்ற குலத்தார் ரிக் வேதத்தில் வருகிறார்கள். பரதன் என்ற மன்னன் பெயரால் வந்தது என்றும் கதைகள் உண்டு.

1949-ல் நாட்டின் பெயர் பற்றி அரசியல் நிர்ணய சபையில் விவாதம் நடந்தது. பாரதம் என்பதே முதலில் வர வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். முடிவில் இரண்டு பெயர்களும் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவில் இடம் பெற்றன. அந்தச் சட்டம் 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்தது.

ஒரு பெயர் அயலார் நாவில் உருமாறி வந்தது. மற்றொன்று இங்கேயே வழங்கியது. இரண்டும் நம் பெயர்களே. எந்த மதத்தவர், எந்த மொழியினர் ஆனாலும் இரண்டும் எல்லாருக்கும் சொந்தம்.

பேசுவோம், எழுதுவோம்

1. சிந்து எப்படி இந்தியா ஆனது? படிப்படியாகச் சொல்லுங்கள்.
2. உங்கள் ஊருக்கு அந்தப் பெயர் எதனால் வந்தது? ஆறா, ஏரியா, மரமா, மனிதரா? பெரியவர்களிடம் கேட்டு நான்கு வரி எழுதுங்கள்.