நன்னீரைக் காக்கும் வெல்டிங் குளிர்விப்பான்

அந்தமான் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை மிகக் குறைவு. 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரம், குடிநீருக்குப் பெரிதும் தானிக்காரி அணையையே நம்பியுள்ளது. ஆகவே, வறண்ட மாதங்களில் பட்டறைகளின் நீர்ச்செலவும் கவனத்திற்குரியதாகிறது.

தீவுகளுக்கிடையிலான போக்குவரத்து பெரும்பாலும் கப்பல்களையும் படகுகளையும் சார்ந்தது. அவற்றின் அலுமினிய, துருப்பிடிக்காத எஃகுப் பகுதிகளைச் செப்பனிட, ஆர்கான் வாயுவைப் பயன்படுத்தும் 'டிக்' வெல்டிங் ஏற்றது. சுமார் 200 ஆம்பியருக்கு மேல் நெடுநேரம் வேலை செய்யும்போது டார்ச்சைக் குளிர்விக்க நீர் தேவைப்படுகிறது. குழாய் நீரை நிமிடத்திற்கு 1 லிட்டர் வீதம் செலுத்தி வெளியே விட்டால், 8 மணி நேரத்தில் 480 லிட்டர் வீணாகும். ஜல் ஜீவன் இயக்கம் ஊரக மக்களுக்கு வகுத்துள்ள நாளொன்றுக்கு 55 லிட்டர் என்னும் அளவின்படி, இது எட்டுப் பேரின் தேவைக்கும் அதிகம்.

அமைப்பு

ஒரே நீரைச் சுற்றிவரச் செய்வதே இதற்குத் தீர்வு. ஒளிபுகாத 20 லிட்டர்த் தொட்டி, வடிகட்டி, பம்பு, ரேடியேட்டர், விசிறி ஆகியவை போதும். தொட்டி நீர் வடிகட்டி, பம்பு வழியாக டார்ச்சை அடைந்து, சூடேறித் திரும்பி, ரேடியேட்டரில் வெப்பத்தை இழந்து மீண்டும் தொட்டியில் சேரும். டார்ச்சின் குறுகிய வழிகளில் நீரைத் தள்ளச் சிறிய மீன்தொட்டிப் பம்பின் அழுத்தம் போதாது. அதே வேளையில், டார்ச் தயாரிப்பாளர் குறித்த அழுத்தத்தையும் மீறலாகாது.

நிமிடத்திற்கு 1 லிட்டர் ஓடும் நீர் 10 பாகை செல்சியஸ் சூடேறினால், அது சுமக்கும் வெப்பம் ஏறத்தாழ 0.7 கிலோவாட். ரேடியேட்டர் இல்லையெனில் 20 லிட்டர் நீர் அரை மணி நேரத்தில் 15 பாகை சூடேறிவிடும். தீவுகளின் ஈரக்காற்றில் ஆவியாதலால் கிடைக்கும் குளிர்ச்சி குறைவு. எனவே விசிறியுடன் கூடிய ரேடியேட்டரே பொருத்தமானது.

எச்சரிக்கைகள்

கடல்நீரைப் பயன்படுத்தலாகாது. உப்பு உலோகத்தை அரிக்கும். நீரின் மின்கடத்துதிறனையும் கூட்டும். இவ்வகை டார்ச்சுகள் பலவற்றில், திரும்பும் நீர் மின்கம்பியைச் சூழ்ந்தே வருவதால், வாலை வடித்த நீரே சிறந்தது. தாமிரமும் அலுமினியமும் ஒரே நீர்ச்சுற்றில் இருப்பின் அரிப்பு விரைவுபடும்.

தொட்டியில் பனிக்கட்டி இடுவது தவறு. நீர் மிகக் குளிர்ந்தால் ஈரக்காற்றிலுள்ள நீராவி டார்ச்சின்மேல் துளிகளாகப் படியும். அந்த ஈரத்தால் அலுமினியப் பற்றில் நுண்துளைகள் உண்டாகும்.

பம்பிற்கு நிலத்தொடர்பும் மின்கசிவுத் தடுப்பானும் வேண்டும். நீரோட்டம் நின்றால் வெல்டிங் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் நீரோட்ட சுவிட்சையும் இணைக்க வேண்டும். இல்லையேல் டார்ச் சில நொடிகளிலேயே கருகக்கூடும். வேலை தொடங்குமுன், திரும்பும் நீரை ஒரு நிமிடம் அளவுக்கலத்தில் பிடித்துப் பார்ப்பது எளிய சோதனை.

தொழிற்பயிற்சி மாணவர்கள் செய்துபார்க்கத்தக்க இக்கருவி, நாளொன்றுக்கு 480 லிட்டர்ச் செலவை 20 லிட்டர் நீரின் சுழற்சியாக மாற்றுகிறது. தீவுகளில் இவ்வாறு மிச்சமாவது குடிநீரே ஆகும்.